பின் செல்லும் சக்கரம்

முன் நிற்பதனைப் போற்றுதலும் பின் வருவதனை மறத்தலும் மக்கட்கு இயல்பு. தேரோட்ட நாளில் வடம் பிடிப்பாரைக் காண்போர் பலர். பின்னின்று சக்கரத்திற்குத் தடி போடுவாரைக் காண்போர் சிலர். மோட்டார் வண்டியின் திறத்திலும் இதுவே வழக்கு. வண்டியைத் திருப்புவன முன்சக்கரங்கள். ஓட்டுவோன் கையோடு தொடர்புடையனவும் அவையே. ஆதலின் வண்டி ஒருபால் இழுப்பினும், டயர் ஒருபுறம் தேயினும், யாவரும் முதற்கண் நோக்குவது முன்சக்கரங்களையே. யாமும் அங்ஙனமே நோக்கினோம். அதன் பயனாக எம் தந்தையாரின் பொருள் வீணாயிற்று. குற்றமற்ற ஒருவர் எம்மாற் கடுஞ்சொற் கேட்டார். எம் பாட்டியாரும் தங்கையும் அமர்ந்திருந்த வண்டி, மழைநாளொன்றில், வந்த வழியையே நோக்கித் திரும்பிச் சாலை நடுவே நின்றது. அவ்வரலாற்றினை எம் உடன்மாணவர்க்கு உரைத்தல் நலமெனக் கருதி இதனை எழுதலாயினோம்.

எம் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பல்லாண்டு சேர்த்த பொருளைக் கொண்டு 2022-ஆம் ஆண்டிற் பழைய சிறு மோட்டார் வண்டியொன்றனை விலைக்கு வாங்கினார். நாகர்கோவிலில் வாழும் பாட்டியாரைத் திங்கள்தோறும் கண் மருத்துவத்தின் பொருட்டுப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வருதற்கு அவ்வண்டி வேண்டியிருந்தது. பேருந்தின் படிகளில் ஏறும் ஆற்றல் அம்மூதாட்டியார்க்கு இல்லை. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பின்சக்கரங்கள் இரண்டிற்கும் புதிய டயர்கள் பூட்டப்பெற்றன. அவை நாற்பதினாயிரம் கிலோமீட்டராயினும் ஓடுமென்று தந்தையார் கணக்கிட்டு, அக்கணக்கினைத் தம் குறிப்பேட்டிலும் எழுதி வைத்தார்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாள் பின்சக்கரமொன்று பஞ்சராயிற்று. கழற்றிப் பார்த்தபொழுது, வெளிவிளிம்பு புதியதுபோல் விளங்க, உள்விளிம்பு பெரிதும் தேய்ந்திருந்தது. மற்றைச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தோம். அதன் உள்விளிம்பும் அந்நிலையதே. வண்டி ஓடிய தொலைவோ ஒன்பதினாயிரம் கிலோமீட்டர். எமக்குச் சினம் மூண்டது. தந்தையார் தடுக்கவும் கேளாது, டயர் விற்ற கடைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

கடைக்காரர் டயரை நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். "தம்பி, ரப்பரில் குற்றமிருந்தால் அது உள்விளிம்பை மட்டும் தேடிப் பிடித்துத் தின்னாது. இரண்டு டயரும் ஒன்றுபோலவே தேய்ந்திருக்கின்றன. வண்டியைப் பாருங்கள்," என்றார். அவர் கூறியது முழுதும் உண்மை என்பதனைப் பின்னர் அறிந்தோம். அன்றோ, கடையில் நின்ற நால்வர் கேட்க, "குற்றமுடைய சரக்கை விற்றுவிட்டு வண்டியின்மேற் பழி போடுகின்றீர், ஆசிரியர் வீட்டார் எதையும் நம்புவர் என்று எண்ணினீரோ?" என்றோம். அவர் விடை கூறவில்லை. எம் தந்தையார் தலை கவிழ்ந்து வெளியே சென்றார். கல்லூரியிற் சொற்போர் பல வென்ற எமக்கு, அதுவும் ஒரு வெற்றியெனவே தோன்றிற்று.

எனினும் தந்தையார் கடைக்காரர் சொல்லை மறந்தாரில்லை. மறுநாள் அவர் ஏவ, வண்டியை வீல் அலைன்மெண்ட் செய்யும் பட்டறையொன்றுக்குக் கொண்டு சென்றோம். "நான்கு சக்கரமும் பார்க்க வேண்டுமா, முன்னிரண்டு போதுமா?" என்று கேட்டனர். நான்கிற்குக் கூலி மிகுதி. "திரும்புவன முன்னிரண்டுதாமே, அவை போதும்," என்றோம். அவர்களும் முன்சக்கரங்களை ஒழுங்கு செய்து, சற்றே இடப்புறம் சாய்ந்திருந்த ஸ்டியரிங்கையும் நேராக்கித் தந்தனர். நோய் மறைந்தது, ஆனால் தீரவில்லை. நோயைக் காட்டிய ஓர் அறிகுறியையும் பொருள் கொடுத்து அழித்தோம் என்பதே மெய்.

இப்பிழை எமக்கு மட்டும் உரியதன்று. அதற்கு நெடிய வரலாறும் உண்டு. குதிரை வண்டி வளைவில் திரும்புங்கால் உட்புறச் சக்கரமும் வெளிப்புறச் சக்கரமும் வெவ்வேறு கோணத்தில் திரும்புதல் வேண்டும் என்பதனை உணர்ந்து அதற்கோர் அமைப்பினைக் கண்டவர், மியூனிக் நகரத்து வண்டி வினைஞராகிய லாங்கன்ஸ்பெர்கர் என்பார். 1818-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இன்றைய மோட்டார் வண்டியின் முன்சக்கரங்களும் அந்நெறியையே தழுவித் திரும்புகின்றன. பின்சக்கரங்களோ பல காலம் ஒரே கனத்த அச்சில் இறுகப் பிணிக்கப்பட்டு, முன்னவை சென்ற வழியே வந்தன. அவற்றின் ஒழுங்கினைக் குறித்து யாரும் பெரிதும் கவலை கொள்ள வேண்டியிருந்ததில்லை. முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் இக்காலத்துச் சிறு வண்டிகளில் பின் அச்சு எடை குறைந்தது. கல்லிலோ பள்ளத்திலோ வலிதாக மோதினால் அது வளைதலும் உண்டு. அச்சு மாறிற்று, எம் போன்றோர் எண்ணம் மாறவில்லை.

நிற்க. 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பாட்டியாரை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலினின்றும் புறப்பட்டோம். தந்தையார் வண்டியை ஓட்டினார். யாம் அவரருகே இருந்தோம். பாட்டியாரும் தங்கையும் பின்னே இருந்தனர். தோவாளை கடந்ததும் மழை வலுத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று நாடறிந்தது. அன்று அது மழையையும் கூட்டிக்கொண்டு வண்டியின்மேல் வீசிற்று. முப்பந்தல் அணித்தாகச் சாலை சிறிது வளையுமிடத்தில் நீர் தேங்கியிருந்தது. தந்தையார் விரைந்தாரல்லர், நீரைக் கண்டு வேகத்தைக் குறைக்கவே காலை எடுத்தார். அக்கணமே வண்டியின் பின்புறம் எம் அனைவரையும் சுமந்துகொண்டு பக்கவாட்டில் வழுக்கிற்று. ஸ்டியரிங் தந்தையார் கையிலேயே இருந்தது. வண்டி அவர் கையில் இல்லை. மலையும் காற்றாலைகளும் வானமும் எம் கண்முன் ஒருமுறை சுழன்றன. பின்னர் எல்லாம் நின்றன. யாம் நாகர்கோவிலை நோக்கி நின்றோம்.

எதிரே வந்த லாரியின் ஓட்டுநர் தொலைவிலேயே கண்டு நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு நொடி வேறு பக்கம் பார்த்திருப்பாராயின் இக்கட்டுரை எழுதப்படாது. ஒருவர்க்கும் காயமில்லை. பாட்டியார், பார்வை மங்கியவராதலின், "ஏன் நிறுத்தினாய், மகனே?" என்று மட்டும் கேட்டார். தந்தையாரின் கைகள் நடுங்குதலை எம் வாழ்நாளில் அன்றே முதன்முதற் கண்டோம்.

வண்டியை மெல்லத் திருப்பிக் காவல்கிணறு வரையிற் சென்று, சாலையோரத்துப் பஞ்சர் கடையொன்றில் நிறுத்தினோம். அங்கிருந்த முதியவர் முன்சக்கரங்களைப் பார்க்கவேயில்லை. நேரே பின்புறம் சென்று, குனிந்து, டயரின்மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியாகவும், வெளியிருந்து உள்ளாகவும் தடவினார். பின்னர் எம் கையைப் பற்றி, "நீங்களே தடவிப் பாருங்கள், தம்பி," என்றார். ஒரு திசையிற் கை வழுக்கிச் சென்றது. மறு திசையில் ஒவ்வொரு வரியும் கையை அறுப்பதுபோல் தடுத்தது. பனை மட்டையின் கருக்கினைத் தடவியோர் அவ்வுணர்வினை அறிவர். உள்விளிம்பிற்கு அணுகியபொழுதோ கருக்கும் இல்லை, வரியும் இல்லை, மொழுமொழுவென்றிருந்தது. "வெளியே நின்று பார்த்தால் இது புது டயர். தண்ணீரைத் தள்ளுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. தண்ணீரின்மேல் மிதந்திருக்கிறது. உங்கள் பின்சக்கரம் நேரே ஓடவில்லை, தம்பி, இழுபட்டு ஓடுகிறது," என்றார் அவர்.

டயரின் தேய்வு ஓர் எழுத்துப் போல்வது. பயின்றோர் அதனைப் படித்தல் கூடும். காற்றுக் குறைந்து ஓடிய டயர் இரு விளிம்பிலும் தேயும். காற்று மிகுந்து ஓடியது நடுவே தேயும். ஷாக் அப்சார்பர் தளர்ந்ததாயின் ஆங்காங்கே குழிகுழியாகத் தேயும். சக்கரத்தின் தலை உள்நோக்கியோ வெளிநோக்கியோ அளவிறந்து சாய்தலைக் கேம்பர் பிழை என்பர்; அதனால் ஒரு விளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேயும். இவற்றினும் வேறாய்க் கருக்குப் போலும் தேய்வினைத் தருவது 'டோ' என்பதன் பிழை. நடப்பவன் பாதங்கள் நேராக இல்லாமல் உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருத்தல் போல, மேலிருந்து நோக்குங்கால் சக்கரம் செல்லும் திசைக்கு ஒவ்வாது திரும்பியிருத்தலே அது. அவ்வாங்கிலச் சொல்லுக்குக் கால்விரல் என்பது பொருள். புறநானூற்றில் வண்டியின் சக்கரத்திற்குக் 'கால்' என்னும் பெயருண்மையைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற யாம், அக்காலுக்கு விரலும் உண்டு என்பதனைக் காவல்கிணற்றில் கற்றோம்.

இரண்டு நாள் கழித்து வேறொரு பட்டறையில் நான்கு சக்கரங்களையும் அளக்கச் செய்தோம். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பலகையைப் பொருத்தி, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி, எதிரே நிறுத்திய கேமராக்களால் அளந்தனர். திரையில் ஒன்றொழிய ஏனைய எண்களெல்லாம் பச்சையாயிருந்தன. இடப் பின்சக்கரத்தின் எண் மட்டும் சிவந்திருந்தது: அது 0.75 பாகை வெளிநோக்கித் திரும்பியிருந்தது. வலப் பின்சக்கரமோ 0.05 பாகையே உள்நோக்கி, நெறியில் நின்றது.

அங்ஙனமாயின் குற்றமற்ற வலச் சக்கரத்தின் டயரும் ஏன் அதே அளவு தேய்ந்தது என்று வினவினோம். பட்டறை இளைஞர் காகிதத்தில் வரைந்து விளக்கினார். ஒரே அச்சில் இணைந்த இரு சக்கரங்கள் வெவ்வேறு திசையை நோக்குமாயின், வண்டி இரண்டற்கும் இடைப்பட்ட திசையிற் செல்லும். கோணிய சக்கரம் தான் விரும்பும் வழிக்குப் பாதி இழுக்கும். நேரிய சக்கரம் அதற்கு ஈடுகொடுத்து மறுபாதி இழுபடும். ஆகவே ஒன்றன் பிழையை இரண்டும் சமமாகப் பங்கிட்டுத் தேயும். பின் அச்சு இவ்வாறு ஒருபால் நோக்கித் தள்ளவே, ஓட்டுவோன் ஸ்டியரிங்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலன்றி வண்டி நேர் செல்லாது. அதுவும் நண்டினைப் போல உடலைச் சாய்த்துக்கொண்டே செல்லும். ஆகஸ்டில் யாம் நேராக்குவித்த ஸ்டியரிங் ஏன் சாய்ந்திருந்தது என்பது அப்பொழுதே விளங்கிற்று.

அன்றிரவு அவ்வெண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பார்த்தோம். இரு சக்கரங்களும் செல்லும் திசைக்கு 0.35 பாகை கோணி ஓடின. ஒரு கிலோமீட்டர் ஓடும்பொழுது டயர் ஆறு மீட்டர் அளவு பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு செல்லும் என்பது கணக்கு. வண்டி அதுவரை ஓடியது பன்னீராயிரம் கிலோமீட்டர். அவ்வாறாயின் அந்த ரப்பர் பக்கவாட்டில் இழுபட்ட தொலைவு 73 கிலோமீட்டர். நாகர்கோவிலினின்றும் பாளையங்கோட்டைக்கு உள்ள தொலைவிற்குச் சற்றே குறைவு. கண்ணுக்குப் புலனாகாத ஒரு கோணல், ஓராண்டில், அத்துணைத் தொலைவு டயரைத் தரையில் அரைத்துவிட்டது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டியதனைக் கூறவேண்டும். பட்டறை இளைஞர், "இந்தச் சக்கரம் எங்கேயாவது கல்லில் மோதியதா, ஐயா?" என்று தந்தையாரைக் கேட்டார். தந்தையார் சிறிதும் ஐயமின்றி, "இல்லை," என்றார். தாம் மோதியதில்லையாதலின் அவர் சொன்னது உண்மையே. எமக்கோ உடல் வியர்த்தது.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில், ஓட்டுநர் உரிமம் பெற்ற சின்னாட்களில், தந்தையார் வீட்டில் இல்லாத ஒரு மாலை, யாம் வண்டியை எடுத்துச் சென்றிருந்தோம். எம் தெருவில் இடப்புறம் திரும்பும் மூலையில் மதிலைக் காத்தற்பொருட்டு நட்ட கல்லொன்று உண்டு. முன்சக்கரம் அதனைக் கடந்ததும், கடந்துவிட்டோம் என்று எண்ணி விரைந்து திருப்பினோம். வளைவிற் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை. உட்புறமாகக் குறுக்கே வரும். இதனை யாம் அறியோம். பெரியதோர் ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தோம், சக்கரத்தின் மூடி கீறியிருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. மூடியைத் துடைத்து, வண்டியை நிறுத்திய இடத்திலேயே நிறுத்தி, வாய் மூடிக்கொண்டோம். அந்நிகழ்ச்சியை மறந்தும் போனோம் என்று கூறின் அது முழுப் பொய்யாகும். கடைக்காரரிடம் உரத்த குரலிற் பேசிய அன்றும் அது எம் நெஞ்சின் ஒரு மூலையிற் கிடந்தது. அதனை மறைத்தற்கே அத்துணை உரக்கப் பேசினோமோ என்று இப்பொழுது ஐயுறுகின்றோம்.

பட்டறையின் வெளியே நின்று தந்தையாரிடம் எல்லாவற்றையும் கூறினோம்.

"எப்பொழுது?" என்றார்.

"சென்ற ஆண்டு அக்டோபரில், அப்பா."

அவர் சிறிது நேரம் விரலை மடக்கி எண்ணினார். "பதின்மூன்று மாதம். பதின்மூன்று முறை அம்மாவை இதில் ஏற்றி வந்திருக்கிறேன்," என்றார். அதன்மேல் ஒன்றும் கூறவில்லை. அடித்திருந்தாலும் அத்துணை நொந்திருக்கமாட்டோம். பக்கத்தில் நேராக ஓடிய சக்கரம் தேய்ந்த காரணத்தை, படமின்றியே அப்பொழுது நன்கு உணர்ந்தோம்.

எம் வண்டியின் பின் அச்சில் திருகிச் சரிசெய்தற்கு இடமில்லை. சில வண்டிகளில் அதற்கென்றே ஆணிகள் உண்டு. சிலவற்றில் ஆப்புப் போலும் மெல்லிய தகடுகளை இடையே வைத்துத் திருத்துவர். வளைவு மிகுந்தால் உறுப்பினையே மாற்றுதல் வேண்டும். எமக்கு நல்வினையாக, வளைந்தது அச்சின் குறுக்குச் சட்டமன்று. சக்கரத்தைத் தாங்கும் அச்சுமுனை மட்டுமே. அதனை மாற்றினர். அதன் விலையையும் ஒரு டயரின் விலையையும், நூல்கள் வாங்குதற்கென யாம் சேர்த்திருந்த பணத்தினின்றும் கொடுத்தோம். தந்தையார் மறுக்கவில்லை, மறுக்காமையே எமக்குச் சிறிது ஆறுதலாயிற்று.

டயர்களைப் பழைய கடையிலேயே வாங்கினோம். அக்கடையிற் புகுதற்கு முன் தெருவில் இருமுறை நடந்தோம். உள்ளே வேறு சிலரும் இருந்தனர், நால்வர் கேட்கச் சொன்ன பழியை நால்வர் கேட்கவே திரும்பப் பெறுதல் முறையென்று கருதி, "அண்ணாச்சி, அன்று தாங்கள் சொன்னதே சரி. வண்டியை மோதியவன் நான். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்," என்றோம். அவர் புன்முறுவல் செய்து, "வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். "சுகம்," என்றோம். "அது போதும்," என்று கூறி, எழுந்து டயர் எடுக்கச் சென்றார். சொற்போரில் எம்மை வென்றவர் அவர் ஒருவரே.

அவரும் காவல்கிணற்றுப் பெரியவரும் கூறிய சிலவற்றை, வீட்டில் வண்டியுடைய நண்பர்க்காக இங்கே தொகுத்துரைக்கின்றோம். திங்களுக்கு ஒருமுறை பின் டயர்களின் உள்விளிம்பினைக் கையால் தடவிப் பாருங்கள். கண் காணாததனைக் கை காணும். டயரின் வரிகளுக்கிடையே 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் உண்டு. ஓரிடத்தேனும் ரப்பர் அம்மேட்டளவிற்குத் தேய்ந்ததாயின் அந்த டயரின் வாழ்நாள் முடிந்தது. நடுவே மட்டும் பார்த்து மகிழ வேண்டா. இரண்டு டயர்களே புதியனவாக வாங்க இயலுமாயின் அவற்றைப் பின்னே பூட்டுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுவோன் கை அதனை உணரும். பின்சக்கரம் வழுக்கினால், உணருமுன்னரே வண்டி திரும்பிவிடும். அலைன்மெண்ட் செய்வோர் கேட்டால், நான்கும் பார்க்கச் சொல்லுங்கள். யாதேனும் மோதிற்றாயின் அன்றே வீட்டிற் சொல்லுங்கள்.

சென்ற திங்கள் நாகர்கோவிலுக்குப் புறப்பட்டபொழுது, தந்தையார் திறவுகோலை எம்மிடம் நீட்டினார். ஓராண்டாக வண்டியைத் தொடுதற்கு அஞ்சிய யாம் தயங்கினோம். "ஓட்டு," என்றார். மூலைக்கல்லை அணுகியதும் வண்டியை வலப்புறம் நன்கு ஒதுக்கி, மெல்ல, அகலமாகத் திருப்பினோம். முன்சக்கரம் கடந்தது. தந்தையார் இடப்புறத்துக் கண்ணாடியில் பின்சக்கரத்தையே நோக்கியிருந்தார். அதுவும் கடந்த பின்னரே அவர் நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். யாமும் அதன் பின்னரே மூச்சு விட்டோம்.